பூனையின் பின்னங்கால்கள் திடீரெனச் செயலிழத்தல்: கமக்காரர் அறியவேண்டியவை

நெற்செய்கையிலும் மரக்கறிச் செய்கையிலும் ஈடுபட்டுள்ள கமக்காரரின் இல்லத்தில் பூனை வெறும் செல்லப்பிராணியன்று. அறுவடையின் பின் மூடைகளில் அடுக்கப்படும் நெல்லையும், அடுத்த போகத்துக்கென ஒதுக்கி வைக்கப்படும் விதைநெல்லையும் எலிகளிடமிருந்து காக்கும் வேலையில் அதற்கும் ஒரு பங்குண்டு. கண்டி நகரை அடுத்த அம்பிட்டியவிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும், பள்ளத்தில் வயலும் மேட்டில் மரக்கறித் தோட்டமும் அவற்றினிடையே வீடுமாக வாழும் குடும்பங்களுள் பூனை வளர்ப்போர் பலர். மாடு நோயுற்றால் உடனே மிருக வைத்தியரை நாடும் கமக்காரர், பூனை நோயுற்றால் “தானாகவே தேறிவிடும்” என்று விட்டுவிடுவது வழக்கம். சிறு காயங்களுக்கு இவ்வழக்கம் பெரும்பாலும் பொருந்தலாம். ஆயினும் இங்கே விளக்கப்படும் நோய்க்கு அது சிறிதும் பொருந்தாது. இந்நோயில் ஒவ்வொரு மணித்தியாலமும் பெறுமதி வாய்ந்தது. அதனினும் முக்கியமாக, இந்நோய் கொண்ட பிராணி அனுபவிக்கும் வேதனை மிகக் கொடியது.

நோய் தோன்றும் விதம்

முதல் நாள் மாலை வழக்கம்போல் உணவுண்டு, அடுப்பங்கரையில் படுத்திருந்த பூனை விடியற்காலையில் திடீரெனப் பெருங்குரலில் அலறுகிறது. வீட்டார் எழுந்து பார்க்கையில், அது முன்னங்கால்களை ஊன்றி, பின்னங்கால்கள் இரண்டையும் நிலத்தில் இழுத்துக்கொண்டு நகர முயல்கிறது. வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. தொட்டால் சீறுகிறது. சிறிது நேரத்தின் பின் அலறல் ஓய்ந்து, ஓர் இருண்ட மூலையில் போய் ஒடுங்கிக்கொள்கிறது.

இக்காட்சியைக் காணும் வீட்டார் பலவாறாக எண்ணுவது இயல்பே. மதிலிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டது என்பர் சிலர். வாதம் கண்டுவிட்டது என்று எண்ணெய் பூசித் தேய்ப்பர் வேறு சிலர். அயல் வீட்டார் அடித்திருக்கலாம், அல்லது நஞ்சு வைத்திருக்கலாம் என ஐயுற்று மனஸ்தாபம் கொள்வோரும் உளர். உண்மையில் இவற்றுள் எதுவும் நிகழாமலேயே, முற்றிலும் ஆரோக்கியமாகத் தோன்றிய ஒரு பூனைக்குச் சில நிமிடங்களுள் இந்நிலை ஏற்படக்கூடும். அதன் காரணம் காலிலும் இல்லை, முதுகெலும்பிலும் இல்லை. பெரும்பாலும் அது இருதயத்தில் இருக்கிறது.

காரணம்

இந்நோய் கண்ட பூனைகளுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஏற்கனவே இருதய நோய் இருக்கும். அவற்றுள் பொதுவானது இருதயத் தசை தடித்துப்போகும் நோயாகும். தசை தடித்தபோது இருதயத்தின் கீழறை நன்கு விரிந்து இரத்தத்தை ஏற்க இயலாது போகிறது. அதனால் இடதுபக்க மேலறையில் இரத்தம் தேங்கி, அவ்வறை வீங்குகிறது. ஓடும் நீரில் பாசி படிவதில்லை, தேங்கிய நீரிலேயே படிகிறது. அதுபோலவே, மெதுவாகச் சுழலும் இரத்தம் அம்மேலறையினுள் உறைந்து கட்டியாகிறது.

அக்கட்டியின் ஒரு துண்டு ஒருநாள் பெயர்ந்து, இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியினூடாக அடித்துச் செல்லப்படுகிறது. பெருநாடி முதுகெலும்பின் கீழாகப் பின்னோக்கிச் சென்று, இடுப்புப் பகுதியில் பின்னங்கால்களுக்கான கிளைகளாகப் பிரிகிறது. கட்டி அப்பிரிவிடத்தில் போய்த் தங்கிவிடுகிறது. பெருவாய்க்கால் ஒன்று இரண்டு கிளைவாய்க்கால்களாகப் பிரியும் இடத்தில் மரக்கட்டை ஒன்று வந்து குறுக்கே அடைத்துக்கொண்டால், கீழுள்ள இரு வயல்களும் ஒரே வேளையில் வறண்டுபோகும் அல்லவா? இரு கால்களும் ஒருசேர விழுந்துவிடுவதும் அவ்வாறே. கட்டி சிறியதாயின் ஒரு கிளையில் மட்டும் தங்கி, ஒரு காலை மாத்திரம் பாதிக்கும். சில வேளைகளில் முன்னங்கால் ஒன்றும் பாதிக்கப்படலாம்.

இங்கு ஒரு வினா எழலாம். பெருவாய்க்கால் அடைபட்டாலும் பக்கத்துச் சிறு கால்கள் வழியே சிறிதளவு நீர் பாயுமே. உடலிலும் பக்கக் குழாய்கள் உண்டல்லவா? உண்டு. சென்ற நூற்றாண்டின் 60களிலும் 70களிலும் நடத்தப்பட்ட ஆராய்ச்சிகளில், பூனையின் பெருநாடியை நூலால் கட்டி அடைத்தபோது மாத்திரம் இத்தகைய முழுமையான செயலிழப்பு ஏற்படவில்லை. இரத்தக்கட்டி இருந்தபோதே அது ஏற்பட்டது. கட்டியிலுள்ள இரத்தத் தட்டுகள் வெளியிடும் இரசாயனப் பொருள்கள் பக்கக் குழாய்களையும் சுருங்கச் செய்துவிடுவதே இதன் காரணம் எனக் கண்டறியப்பட்டது. அதாவது, கட்டி பெருவாய்க்காலை அடைப்பதோடு நில்லாமல், பக்கத்து மதகுகளையும் மூடிவிடுகிறது. இரத்தம் கிடைக்காத தசைகளும் நரம்புகளும் சில மணித்தியாலங்களுள் கெடத் தொடங்குகின்றன.

இந்நோய் எவ்வயதிலும் வரக்கூடும். நடுவயதைக் கடந்த பூனைகளிலேயே அதிகம். பெட்டைப் பூனைகளைவிடக் கடுவன் பூனைகள் அதிகமாகப் பாதிக்கப்படுகின்றன. இருதய நோய் இருப்பதை வீட்டார் முன்னர் அறிந்திருப்பது அரிது. பூனை தன் நோயை மறைத்து வாழும் இயல்புடையது. பல வேளைகளில் கால்கள் விழுவதே இருதய நோயின் முதல் அறிகுறியாக அமைந்துவிடுகிறது.

அறிந்துகொள்ளும் முறை

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் நான்குண்டு. பூனை கடிக்கக்கூடுமாதலால், அதன் முன்புறத்தை ஒரு தடித்த துணியால் சுற்றியபின், மெதுவாகச் செய்தல் வேண்டும்.

1. வெப்பம்: முன்னங்காலின் பாதத்தையும் பின்னங்காலின் பாதத்தையும் மாறி மாறித் தொட்டுப் பார்க்கவும். இந்நோயில் பின்பாதங்கள் முன்பாதங்களைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருக்கும்.

2. நிறம்: பாதத்தின் அடிப்பகுதியையும் நகத்தின் அடியையும் ஒப்பிட்டுப் பார்க்கவும். முன்னங்காலில் இளஞ்சிவப்பாகவும் பின்னங்காலில் வெளிறியோ நீலம் பாய்ந்தோ காணப்படும். கரிய பாதமுள்ள பூனையில் நகத்தின் அடியே பார்ப்பதற்கு ஏற்ற இடமாகும்.

3. நாடி: பின்தொடையின் உட்பக்கத்தில் விரல்நுனிகளை மெதுவாக வைத்தால் நலமான பூனையில் நாடித்துடிப்புத் தெரியும். இந்நோயில் அது தெரியாது. பழக்கமில்லாதோருக்கு இது கடினமாதலால், முன்கூறிய இரண்டு சோதனைகளே போதுமானவை.

4. தசை: பின்னங்காலின் கெண்டைத் தசை கல்லைப்போல் இறுகி, தொட்டால் பூனை வேதனையால் துடிக்கும்.

கால்கள் குளிர்ந்து, வெளிறி, செயலற்று, வேதனையும் சேர்ந்திருப்பின், இது இரத்தக்கட்டி என்றே கருதி உடனே புறப்படல் வேண்டும்.

பிற காரணங்களிலிருந்து பிரித்தறிதல்

வாகனம் மோதியோ உயரத்திலிருந்து விழுந்தோ முதுகெலும்பு பாதிக்கப்பட்ட பூனையிலும் பின்னங்கால்கள் செயலிழக்கும். ஆனால் அதன் பாதங்கள் பொதுவாகச் சூடாகவே இருக்கும்; உடலில் சிராய்ப்பும், தேய்ந்து பிளந்த நகங்களும் காணப்படலாம்.

மரக்கறித் தோட்டங்களில் தெளிக்கப்படும் பூச்சிகொல்லிகளுட் சில நரம்புகளைத் தாக்கும் நஞ்சுகளாகும். அவற்றை உட்கொண்ட பூனையில் வாயிலிருந்து நீர் வடிதல், கண்மணி சுருங்குதல், தசைகள் துடித்தல், கழிச்சல் என்பன தோன்றும். பலவீனம் பின்னங்கால்களில் மாத்திரமன்றி உடல் முழுவதிலும் இருக்கும். எலிநஞ்சுகளுள் ஒருவகை, இரத்தம் உறைவதைத் தடுத்து இரத்தப்பெருக்கை உண்டாக்குவது. நஞ்சுண்ட எலியைத் தின்ற பூனைக்கும் சில நாட்களின் பின் அது கேடு விளைவிக்கும். முரசு வெளிறுதலும் இரத்தம் கசிதலும் அதன் அடையாளங்கள். இவ்வேறுபாடுகளை அறிந்திருந்தால், அயலவர்மேல் வீண்பழி சுமத்தும் நிலையும் ஏற்படாது. எவ்வாறாயினும், நஞ்சுண்ட பூனையையும் தாமதமின்றி வைத்தியரிடம் கொண்டு செல்லல் வேண்டும்.

விசர் நோய் இலங்கையில் இன்னும் முற்றாக ஒழியவில்லை என்பதை மறத்தலாகாது. பூனையின் குணம் மாறுதல், குரல் மாறுதல், காரணமின்றித் தாக்குதல், விழுங்க இயலாது வாய்நீர் வடிதல் என்பவற்றோடு கால்கள் தளர்ந்துவருமாயின் அதனைத் தொடாது, ஓர் அறையில் அடைத்துவிட்டு மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். எந்தப் பூனை கடித்தாலும் அல்லது பிறாண்டினாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்வது கடமையாகும்.

செய்யத்தகாதவை

பனடோல் கொடுத்தலாகாது. மனிதருக்குச் சாதாரணமான இம்மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரு குளிசையின் சிறு பகுதியும் அதன் செங்குருதிக் கணங்களைக் கெடுத்து உயிரைப் போக்கவல்லது. இரக்கத்தால் கொடுக்கப்படும் பனடோலே பூனையின் மரணத்துக்குக் காரணமாகிவிடக்கூடும். மனிதருக்குரிய ஏனைய நோவு நீக்கும் குளிசைகளையும் வைத்தியர் சொல்லாது கொடுக்கக்கூடாது.

கால்களை எண்ணெய் பூசித் தேய்த்தலும், இழுத்து நீவுதலும் தகாது. அவை வேதனையைக் கூட்டும், கட்டியை அகற்றமாட்டா.

வெந்நீர்ப் போத்தலையோ சூடேற்றிய மணலையோ கால்களில் வைத்தல் கூடாது. உணர்வற்ற கால் சுடுவதை அறியாது. தோல் வெந்து புண்ணாகிவிடும்.

வாயைத் திறந்து நீரோ பாலோ கஷாயமோ புகட்டலாகாது. மூச்சுத் திணறும் பூனையின் சுவாசப்பையுள் அது சென்றுவிடக்கூடும்.

செய்யவேண்டியவை

காற்றுப்புகும் கடதாசிப் பெட்டி ஒன்றில் தடித்த சாக்கையோ துணியையோ விரித்து, பூனையை இடுப்பும் மார்பும் தாங்கத் தூக்கி உள்ளே கிடத்தவும். மேலே ஒரு மெல்லிய துணியால் மூடி, இருளும் அமைதியும் இருக்கச் செய்யவும். அது கண்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளவும். வைத்தியர் முதலில் கேட்பது அதுவாகவே இருக்கும். முடியுமாயின் புறப்படுமுன் தொலைபேசியில் அறிவிக்கவும்.

அம்பிட்டிய மக்களுக்கு இவ்விடயத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடமும் அதனைச் சார்ந்த போதனா வைத்தியசாலையும் கண்டி நகர் ஊடாகச் செல்லும் தூரத்திலேயே உள்ளன. அங்கு செல்ல இயலாதோர், தமது பகுதிக்குரிய அரசாங்க மிருக வைத்தியரையோ கண்டி நகரிலுள்ள தனியார் மிருக வைத்தியரையோ நாடலாம். எங்கு சென்றாலும் “விடிந்தபின் பார்க்கலாம்” என்று காத்திருத்தல் கூடாது.

சிகிச்சையும் எதிர்பார்க்கக்கூடிய பலனும்

வைத்தியர் முதலிற் செய்வது வன்மையான நோவு நீக்கும் ஊசி ஏற்றுவதாகும். மூச்சுத் திணறல் இருப்பின் ஒட்சிசனும், சுவாசப்பையில் சேர்ந்த நீரை வெளியேற்றும் மருந்தும் கொடுக்கப்படும். கட்டி மேலும் வளராதிருக்க இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து ஏற்றப்படும். ஏற்கனவே உள்ள கட்டியைக் கரைக்கும் மருந்துகளும் பரீட்சிக்கப்பட்டுள்ளன. எனினும் அவற்றால் பிழைக்கும் பூனைகளின் தொகை தெளிவாகக் கூடியதாகக் காணப்படவில்லை. கால்களுக்கு இரத்தம் மீண்டும் பாயும்போது, கெட்டுப்போன தசைகளில் தேங்கிய பொட்டாசியம் முதலியவை இருதயத்தை அடைந்து திடீர் மரணத்தை விளைக்கக்கூடுமாதலால், முதல் இரண்டு மூன்று நாட்கள் வைத்தியரின் கண்காணிப்பு அவசியமாகும்.

பலன் பற்றி உண்மையை மறைத்தல் நன்றன்று. பிரித்தானியாவில் இந்நோய் கண்ட 250 பூனைகள் பற்றிய ஓர் ஆய்வு 2014ஆம் ஆண்டு வெளியாயிற்று. அவற்றுள் 153 பூனைகள், கொண்டுவரப்பட்டபோதே வேதனையின்றி உயிர் நீக்கப்பட்டன. எஞ்சிய 97இல் 68 பூனைகள் முதல் 24 மணித்தியாலங்களைக் கடந்தன. அவற்றுள் 30 பூனைகள் ஒரு வாரமாவது உயிர்வாழ்ந்தன. ஓராண்டின் பின்னும் உயிரோடிருந்தவை 6 மாத்திரமே. எந்தப் பூனை பிழைக்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்க உதவுவது உடல் வெப்பநிலையாகும். நலமான பூனையின் வெப்பநிலை 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை இருக்கும். அது 37 பாகைக்குக் கீழே எவ்வளவு இறங்குகின்றதோ அவ்வளவுக்கு நம்பிக்கையும் குறையும். ஒரு கால் மாத்திரம் பாதிக்கப்பட்டு, அதிலும் சிறிது அசைவு எஞ்சியிருக்கும் பூனைக்கு நம்பிக்கை அதிகம். பிழைத்த பூனைகள் பல, சில வாரங்களில் மீண்டும் நடக்கத் தொடங்குகின்றன.

பிழைத்த பூனைக்குக் கட்டி மீண்டும் உண்டாகாது தடுக்கக் குளோபிடோகிரல் என்னும் மருந்து நாள்தோறும் கொடுக்கப்படுகிறது. 2015ஆம் ஆண்டு வெளியான, 75 பூனைகளைக் கொண்ட ஓர் ஆராய்ச்சியில், அஸ்பிரின் பெற்ற பூனைகளில் நோய் மீண்டும் வர எடுத்த இடைக்காலம் 192 நாட்களாகவும், குளோபிடோகிரல் பெற்றவற்றில் 443 நாட்களாகவும் இருந்தது. இது மனிதரின் இருதய நோய்க்கும் வழங்கப்படும் மருந்தே. ஆயினும் அதன் அளவைப் பூனையின் நிறையறிந்த வைத்தியரே கூறல் வேண்டும்.

கடினமான ஒரு தீர்மானம்

சிகிச்சைக்கு இடமில்லாத நிலையில், வேதனையின்றி உயிர் நீக்குமாறு வைத்தியர் ஆலோசனை கூறலாம். உயிரைப் போக்குவது பாவம் எனக் கருதும் குடும்பங்கள் கிராமங்களில் பல. அவ்வெண்ணம் மதிக்கத்தக்கதே. ஆனால், பூனையை எடுத்துச்சென்று ஒரு மூலையில் விட்டுத் “தானாகவே போகட்டும்” என்று இருப்பது அதற்கு மாற்று வழியாகாது. அலறல் ஓய்ந்தது வேதனை ஓய்ந்தமையால் அன்று. களைப்பினாலும் அச்சத்தினாலுமே அது ஒடுங்கிக் கிடக்கிறது. இரத்தமின்றி இறக்கும் தசையின் வேதனை பல மணித்தியாலங்கள், சில வேளை நாட்கள் நீடிக்கும். உயிர் நீக்க மனம் ஒப்பாதவர், நோவு நீக்கும் மருந்தையாவது தொடர்ந்து கொடுக்குமாறு வைத்தியரைக் கேட்டல் வேண்டும். எத்தீர்மானத்தை எடுத்தாலும், அது வைத்தியரின் முன்னிலையில், பூனையின் வேதனை தணிக்கப்பட்ட நிலையில் எடுக்கப்படுவதே முறையாகும்.

முன்னெச்சரிக்கை

இருதயத் தசை தடிக்கும் நோயை உணவால் தடுக்க இயலாது. எனினும் அதனை முன்கூட்டியே அறிய ஓர் எளிய வழியுண்டு. பூனை நன்கு உறங்கும்போது அதன் வயிறும் மார்பும் உயர்ந்து தாழ்வதை ஒரு தடவையாகக் கொண்டு, ஒரு நிமிடம் எண்ணவும். நலமான பூனையில் இது 30க்குக் குறைவாக இருக்கும். பல நாட்கள் 30க்கு மேற்படுமாயின் வைத்தியரிடம் காட்டி இருதயத்தைச் சோதிப்பித்தல் வேண்டும். முன்போல் எலி துரத்தாது விரைவில் களைத்துப்போதலும் கவனிக்கத்தக்கது.

உணவுக் குறைபாட்டால் வரும் வேறொரு வகை இருதய நோயும் உண்டு. இருதயம் மெலிந்து தொய்ந்துபோகும் அந்நோய்க்கு, டோரின் என்னும் சத்துக் குறைவு ஒரு காரணமென 1987ஆம் ஆண்டு அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அதுவும் இரத்தக்கட்டியை உண்டாக்கவல்லது, கண்பார்வையையும் கெடுக்கும். பூனையின் உடல் தனக்குத் தேவையான அளவு டோரினை ஆக்கிக்கொள்ளமாட்டாது. மீனிலும் இறைச்சியிலும் அது உண்டு. சோற்றிலும் தேங்காயிலும் மரக்கறியிலும் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே சோறும் தேங்காய்ச் சம்பலும் சொதியும் மட்டும் இட்டு, மிகுதியை எலி பிடித்துத் தின்னட்டும் என விடுவது போதாது. சமையலில் கழிக்கப்படும் மீன்தலை, நெத்தலி, கோழியின் இருதயம், ஈரல் என்பவற்றை அவித்து, சோற்றுடன் நாள்தோறும் சேர்த்துக் கொடுக்கவும். டோரின் நீரில் கரையும் இயல்புடையதாதலால், அவித்த நீரை ஊற்றிவிடாது சோற்றுடன் பிசைந்து கொடுத்தல் வேண்டும். வெங்காயம், உள்ளி சேர்ந்த கறி பூனைக்கு ஆகாது. கருவாடாயின் நீரில் ஊறவைத்து உப்பை நீக்கிய பின்னரே அவித்துக் கொடுக்கலாம்.

சுருக்கம்

பின்னங்கால்கள் திடீரென விழுந்த பூனையின் முன்பாதத்தையும் பின்பாதத்தையும் தொட்டு ஒப்பிட்டுப் பார்க்கவும். பின்பாதம் குளிர்ந்து வெளிறியிருப்பின் இரத்தக்கட்டியென ஐயுறவும். பனடோல் கொடாது, தேய்க்காது, சூடு வைக்காது, பெட்டியிலிட்டு அப்பொழுதே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லவும். சில பூனைகள் பிழைக்கும், பல பிழையா. பிழைப்பினும் பிழையாவிடினும், அதன் வேதனையைக் குறைப்பது வளர்த்தவரின் கையில் உள்ளது.